நடந்தவர் கொடுத்த பங்கு: முதலியார்பேட்டையை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

முதலியார்பேட்டை என்றவுடன் இன்றைய வாசகருக்கு ஒரு சட்டமன்றத் தொகுதியும், கடலூர்ச் சாலையின் நெரிசலும், ஓய்ந்துபோன பஞ்சாலை ஒன்றின் நெடிய மதிலும் நினைவுக்கு வரக்கூடும். அது ஒரு காலத்தில் தனக்கென மேயரும் மன்றமும் வரவுசெலவுக் கணக்கும் கொண்ட தனிக் கொம்யூனாக இருந்தது என்பதைப் புதுவைக்காரர்களே பலர் மறந்துவிட்டனர். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அது அவ்வாறு இருந்தது. அதன் வடக்கே புதுச்சேரி நகரம், தெற்கே ஆற்றைத் தாண்டினால் அரியாங்குப்பம், மேற்கே உழவர்கரை, வில்லியனூர். ஒவ்வொன்றும் தனித்தனிக் கொம்யூன். நகரத்திலிருந்து கடலூர் நோக்கி நடந்த ஒருவர் ஒரு காலைப்பொழுதுக்குள் மூன்று கொம்யூன்களைக் கடந்துவிடுவார். அவர் காலடியில் கிடந்த மண்ணைச் சமன்செய்து, மழைநீர் தேங்காமல் வடியவிட்டு, இரவில் விளக்கேற்றி வைப்பதற்கான செலவை இம்மூன்றில் எது ஏற்பது? ஒன்று மட்டும் ஏற்பதா, மூன்றும் பகிர்ந்துகொள்வதா?

பார்வைக்குச் சிறிய கேள்வி. கணக்குப்பிள்ளைகளின் கேள்வி என்று ஒதுக்கிவிடவும் முடியும். ஆயினும் சாலைகளின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு இக்கேள்வியே மையமாகத் தோன்றுகிறது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் பொருள் கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. நடைவழிக்குக் கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் இல்லை.

தமிழில் வழியைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆறு, நெறி, அதர், வதி, மறுகு, பெருவழி என்று அடுக்கலாம். ஆற்றுப்படை என ஓர் இலக்கிய வகையே வழிகாட்டுவதன்மேல் எழுந்தது. இவற்றுள் வதி என்னும் சொல்லைக் கல்வெட்டுகளில் காண்பது தனி இன்பம். நிலத்தின் எல்லை சொல்லும்போது இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று சோழர் காலத்து ஊர்ச்சபையார் எழுதிவைத்தனர். வாய்க்காலும் வதியும் சேர்ந்தே ஊரைப் பகுத்தன. வாய்க்காலைக் காக்க ஏரி வாரியம் இருந்ததைப் பள்ளி மாணவரும் அறிவர். தடிவழி வாரியம் என்ற ஒன்றும் கல்வெட்டுகளில் வருகிறது. வயல்வழிகளையும் பாதைகளையும் மேற்பார்த்த குழு அது என்று அறிஞர் சிலர் பொருள் கொள்வர். அவ்வாறாயின், நடக்கும் வழிக்கென்று ஊரார் தனியே ஆள் நியமித்திருந்தனர் என்று ஆகிறது.

அக்கல்வெட்டுகளிலேயே வெட்டி, அமஞ்சி என்னும் சொற்களும் உண்டு. கூலியின்றி ஊருக்கோ அரசுக்கோ செய்தே தீரவேண்டிய உடலுழைப்பு அது. இன்றைக்கும் பயனற்ற வேலையை வெட்டி வேலை என்கிறோமே, அச்சொல்லின் வேர் அங்கேதான் என்பர். ஏரியைத் தூர்வாரியதும் கரையை உயர்த்தியதும் இவ்வுழைப்பே. நடந்தவர்களே நடைவழியையும் போட்டனர். அவர்கள் செலுத்திய பங்கு காசாக இல்லாமல் வியர்வையாக இருந்ததால் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் கிடைத்த காதக்கற்களில் தொலைவை எழுத்தில் பொறித்ததோடு, எழுத்தறியாதவரும் தடவி எண்ணிக்கொள்ளும்படி குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். வழிப்போக்கனின் நிலையை எண்ணிப்பார்த்த ஒருவரின் வேலை அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக வழியோரத்தில் நிறுத்தப்பட்ட சுமைதாங்கிக் கற்களையும் இவ்வரிசையில் வைக்கவேண்டும். அரசு பொருள் ஒதுக்கவில்லை. ஒரு குடும்பத்தின் துக்கம் ஊராரின் தோள்வலியைக் குறைத்தது.

புதுவைக்குத் திரும்புவோம். 1880 மார்ச் 12-ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் ஏற்பட்டன. அப்போது புதுச்சேரிப் பகுதியில் இருந்தவை நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், வாகூர். 1907-இல் அவை மறுபடி பிரிக்கப்பட்டுப் புதுச்சேரிப் பகுதியில் மட்டும் எட்டாயின. காரைக்காலின் ஆறு, மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகியவற்றையும் சேர்த்தால் பதினேழு. முதலியார்பேட்டை தனிக் கொம்யூனானது இந்தப் பிரிவினையில்தான். பிரெஞ்சு நிலத்திலுள்ள கொம்யூன் முறையை அப்படியே இங்கே பெயர்த்து நட்டார்கள். மேயர் என்பதை நம் மக்கள் மேர் என்றனர். அவர் அமர்ந்த கட்டடம் மேரி ஆயிற்று. அண்டையிலிருந்த சென்னை மாகாணத்தில் வரி செலுத்தும் சிலருக்கே வாக்கு இருந்த காலத்தில் இங்கே ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. ஆனால் ஐரோப்பியர், தம் மரபுரிமைச் சட்டத்தைத் துறந்தவர்கள், மற்ற இந்தியர் என்று வாக்காளர் பட்டியல்கள் பிரித்துவைக்கப்பட்டிருந்தன. சிறுபான்மையினரான ஐரோப்பியரின் வாக்குக்கு இருந்த எடை பெரும்பான்மையினரின் வாக்குக்கு இருந்ததில்லை. ஆகவே உரிமையின் அளவை வைத்து அதன் பயனை அளந்துவிடக் கூடாது.

கொம்யூன் முறை பிறந்த நாட்டில் வழிகளுக்கான செலவுப் பங்கீடு எப்படி இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிரான்சில் 1836 மே 21-ஆம் நாள் ஒரு சட்டம் நிறைவேறிற்று. ஊரையும் ஊரையும் இணைக்கும் சிறுவழிகளைக் காப்பது கொம்யூன்களின் கடமை என்றது அது. வருவாய் போதாவிடில் உடல்வலுவுள்ள ஒவ்வோர் ஆணிடமும் ஆண்டுக்கு மூன்று நாள் உழைப்புவரை பெறலாம். வண்டிக்கும் மாட்டுக்கும் குதிரைக்கும் அதுபோலவே. உழைக்க மனமில்லாதவர் பணமாகக் கட்டலாம். நம் வெட்டியும் அமஞ்சியும் வேறு உடையில்! ஆனால் அச்சட்டத்தில் நம் கவனத்தைப் பெரிதும் கவர்வது வேறொரு விதி. ஒரே வழி பல கொம்யூன்களுக்குப் பயன்படுமானால், அவற்றுள் எவையெவை செலவில் சேரவேண்டும், எந்த விகிதத்தில் சேரவேண்டும் என்பதை மாவட்ட அதிகாரி வரையறுப்பார். எவ்வூர் மண்ணில் வழி கிடக்கிறது என்பதோடு, எவ்வூரார் அதில் நடக்கிறார்கள் என்பதும் கணக்கில் வந்தது. இச்சட்டம் புதுவைக் கொம்யூன்களில் எழுத்துக்கு எழுத்து நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. முதலியார்பேட்டை போன்ற சிறு கொம்யூனின் இடர்ப்பாட்டை விளங்கிக்கொள்ள இக்கருத்து உதவுகிறது, அவ்வளவே.

அந்த இடர்ப்பாடு என்ன? நகரத்தின் கொம்யூனுக்குத் துறைமுகமும் கடைத்தெருவும் அரசு மாளிகைகளும் இருந்தன. முதலியார்பேட்டையின் ஊடாக நகருக்குப் போகும் வழி இருந்தது. காய்கறியும் மீனும் நெல்லும் தலைச்சுமையாகவும் மாட்டுவண்டியிலும் அவ்வழியேதான் நகருக்குச் சென்றன. வழியைத் தேய்த்தவர்கள் பல ஊரார். பயன் பெரிதும் நகரத்தாருக்கு. தேய்ந்த வழியோ முதலியார்பேட்டையின் எல்லைக்குள். நகரின் தேவைக்குப் புறவூர் கொடுப்பது புதுவையில் பழைய வழக்கம். முத்திரையர்பாளையத்து நீரை மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகரத்துக்குக் கொணர்ந்து, அதற்கு நினைவாகப் பூங்காவின் நடுவே ஆயி மண்டபம் எழுப்பினார்கள். நீர் கொடுத்த ஊருக்கு எதுவும் எழுப்பப்படவில்லை.

எல்லைக்கு அப்பால் தென்னார்க்காட்டிலும் ஏறத்தாழ இதே சிக்கல் வேறு வடிவில் நடந்துகொண்டிருந்தது. சென்னை மாகாணத்தில் 1866-இல் மாவட்டச் சாலைகளுக்கென நிலத்தீர்வையோடு சேர்த்துத் தனி வரி வாங்கத் தொடங்கினர். 1871-இன் உள்ளாட்சி நிதிச் சட்டமும், ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தொடர்ந்து வந்த 1884-இன் உள்ளாட்சி மன்றச் சட்டமும் அதை விரித்தன. மாவட்ட மன்றம், தாலுகா மன்றம், ஊர்ச் சங்கம் என மூன்று படிகள். நிலவரியின் மேல் வாங்கிய சாலைவரியை உழவன் கொடுத்தான். அவனுக்கு வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தான். சுங்கச்சாவடிகளில் வண்டிக்காரர்கள் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து சாலைநிதி ஆயிற்று. இம்முறையில் ஆயிரம் குறை சொல்லலாம். மாவட்ட மன்றத்தின் பெருஞ்சாலைக்குப் போனது போக ஊர்ச் சங்கத்தின் சந்துக்கு மிஞ்சியது சொற்பம். ஆயினும் பலர் கொடுத்த பணம் பலருக்குமான வழி என்ற எண்ணமாவது அதில் இருந்தது.

அவ்வெண்ணம் மெல்ல மாறியது மோட்டார் வாகனம் வந்த பிறகு. 1931-இல் சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் வாங்கிவந்த பழைய வரவுகளின் இடத்தில் வாகனவரியிலிருந்து பங்கு கொடுப்பது என்றாயிற்று. நிர்வாக நோக்கில் நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் சாலைக்கான பணம் வாகனத்திலிருந்து வருகிறது என்ற நினைப்பு அதிகாரிகளிடமும் மக்களிடமும் இக்காலத்தில்தான் வேரூன்றியது என்பது நம் கருத்து. வரி கொடுப்பவனுக்கே வழி என்னும் சிந்தனை அதைத் தொடர்ந்து வந்தது. நடப்பவன் எதுவும் கொடுக்காதவன், ஓரமாக ஒதுங்கவேண்டியவன் என்று ஆகிப்போனான். இது வரலாற்றுக்கு முற்றிலும் மாறானது. உழைப்பாகவும் நிலவரியாகவும் வீட்டுவரியாகவும் அவன் கொடுத்துக்கொண்டே இருந்தவன்.

சைக்கிளில் போனவன் தனியாகவும் கொடுத்தான். இளைய தலைமுறை நம்ப மறுக்கும் செய்தி இது: நம் நகராட்சிகள் மிதிவண்டிக்கு ஆண்டுதோறும் வரி வாங்கின. சென்னை மாகாணத்தின் 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் வண்டிகள் மீதும் விலங்குகள் மீதும் வரி விதிக்க இடம் கொடுத்திருந்தது; மிதிவண்டியும் அதில் அடக்கம். வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு உலோக வில்லையைத் தருவார்கள். அதை வண்டியில் பொருத்திக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாதவன், விளக்கு இல்லாதவன், டபுள்ஸ் போனவன் ஆகிய மூவரும் காவலரைக் கண்டால் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்த காலம் ஒன்று உண்டு. பிரான்சில் இவ்வரி 1893-இலேயே வந்துவிட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்து பிராங்கு. சில ஆண்டுகளில் அங்கும் வண்டியில் தகடு பொருத்த வைத்தார்கள். 1950-களின் இறுதியில்தான் அது ஒழிந்தது. நெதர்லாந்தில் 1924 முதல் 1941 வரை மூன்று கில்டர் வரிக்குப் பித்தளைத் தகடு கொடுத்தார்கள். வேலையில்லாத ஏழைகளுக்குத் தகடு இலவசம். ஆனால் அதில் ஒரு துளை போட்டிருப்பார்கள். இவன் காசு கொடுக்காதவன் என்று தெருவெல்லாம் அறிந்துகொள்ளும்! அவ்வரிப் பணமும் சாலைநிதிக்குச் சென்றது. பெருஞ்சாலைகளின் ஓரமாக மிதிவண்டிப் பாதைகளும் அங்கே எழுந்தன. நம் நாட்டிலோ வில்லை மட்டும் கிடைத்தது, பாதை கிடைக்கவில்லை.

புதுவையில் யார் நடந்தார்கள், யார் ஊர்ந்து சென்றார்கள் என்பதும் இச்செய்தியோடு சேர்ந்ததே. ஆனந்தரங்கப் பிள்ளைக்கு துய்ப்ளே அளித்த சிறப்புகளுள் பல்லக்கில் ஏறி ஆளுநர் மாளிகைக்குள் செல்லும் உரிமையும் ஒன்று. காலால் நடக்காமல் இருப்பதே ஒரு பட்டம்! ஒரு நூற்றாண்டு கழித்து, 1873-இல், வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் செருப்பணிந்து நீதிமன்றத்துள் நுழைந்ததற்காகத் தடுக்கப்பட்டார். அவர் பாரிசிலிருந்த உச்ச முறைமன்றம்வரை போராடி வென்றார். காலில் என்ன அணியலாம் என்பதற்கே கடல் கடந்து வழக்காட வேண்டியிருந்த ஊர் இது. பின்னர் வந்த புஷ்புஷ் வண்டியில் வெள்ளைக்காரரும் செல்வரும் உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு நடந்தவர் தமிழர்.

முதலியார்பேட்டையின் கதையில் நடந்தவர்கள் என்றால் முதலில் நினைக்கவேண்டியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். 1898-இல் தோன்றிய ரோடியர் ஆலை (பின்னாளில் ஏ.எஃப்.டி. என்று அறியப்பட்டது) இங்கேதான் இருந்தது. சவானா, கெப்ளே ஆலைகளும் சேர்ந்து இந்தத் தென்பகுதியைத் தொழிலாளர் ஊராக மாற்றின. ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு முன்பே சுற்றூர்களிலிருந்து சாரை சாரையாக நடந்து வருவார்கள், பிற்காலத்தில் சைக்கிளில். 1879-இல் விழுப்புரத்திலிருந்து வந்த இருப்புப்பாதை கடலூர்ச் சாலையைக் குறுக்கிடும் இடத்தில் கதவு சாத்தியிருந்தால் கூட்டம் தேங்கி நிற்கும். வேலைநேரத்துக்கு வரையறை இல்லாத நாளில் பத்து, பன்னிரண்டு மணிநேர உழைப்போடு போகவர நடையையும் கூட்டிப் பார்க்கவேண்டும். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக 1937-இல் எட்டு மணிநேர வேலை சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முன்னோடி என்று அதைப் புதுவையார் பெருமையோடு சொல்வர். எட்டு மணிநேரம் வந்ததால் வீட்டுக்குத் திரும்பும்போது வெளிச்சம் இருந்தது. விளக்கில்லாத வழியில் நடப்பவருக்கு அதன் அருமை தெரியும். வேலைநேரத்தைச் சட்டமாக்கிய அந்நாளிலும் வழியைப் பற்றி யாரும் சட்டமியற்றவில்லை. தொழிலாளரின் வருகையால் வாழ்ந்த ஆலைகள் அவர்கள் வந்த வழிக்கு ஒரு பங்கு தரவேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்தால் அது மிகவும் நியாயமாக இருந்திருக்கும்.

1941-இல் பிரித்தானிய இந்தியாவுடன் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949-இல் முடிவுக்கு வந்தபோது நடைவழிகளே எல்லைகளாயின. புதுவை நிலம் ஒரே துண்டாக இல்லை. இந்திய ஊருக்குள் பிரெஞ்சு ஊர், பிரெஞ்சு ஊரையொட்டி இந்திய ஊர் எனச் சிதறிக்கிடந்தது. பக்கத்து வயலுக்குப் போகிறவனும் சோதனைக்கு நிற்க நேர்ந்தது. பிறகு 1954 அக்டோபர் 18. கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். யார் அந்தப் பிரதிநிதிகள்? சட்டசபை உறுப்பினர்களும் கொம்யூன் மன்றங்களின் உறுப்பினர்களுமே. ஒரு சந்துக்குச் சரளைக்கல் போட மேலே கை நீட்டி நின்ற மன்றங்கள், ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு சேர்க்கும் தீர்ப்பை எழுதின. இந்த முரணைப் புதுவை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு பேசவில்லை என்ற குறை நமக்கு உண்டு. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தது.

கொம்யூன்கள் அதற்குப் பிறகும் பழைய பிரெஞ்சு ஆணையின்படியே நடந்தன. 1968-இல் நடந்த தேர்தலும் அவ்வாறே. 1973-இல் நகராட்சிச் சட்டமும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் இயற்றப்பட்டு 1974 முதல் நடைமுறைக்கு வந்தபோது முதலியார்பேட்டைக் கொம்யூன் புதுச்சேரி நகராட்சியோடு சேர்க்கப்பட்டது. நகரமும் புறவூரும் ஒரே கணக்கின்கீழ் வந்துவிட்டன. இனிப் பங்கீட்டுச் சண்டைக்கு இடமில்லை என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. 1968-க்குப் பின் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006-இல்தான் நடந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள்! இதற்கிடையில் 1993-இல் அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்து, சாலைகளும் பாலங்களும் நகராட்சிக்குரிய பணிகளின் பட்டியலில் இடம்பெற்றன. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. பின்னர் மறுபடியும் நெடிய இடைவெளி. பங்கு கேட்கவும் பங்கு கொடுக்கவும் ஆள் இல்லாத வீட்டில் பாகப்பிரிவினை எப்படி நடக்கும்?

இந்த இடத்தில்தான் அண்மைக்காலச் செலவுப் பங்கீட்டுத் திட்டங்களை வைத்துப் பார்க்கவேண்டும். 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் புதுச்சேரியும் ஒரு நகரம். நாற்பது லட்சத்துக்கு மேல் மக்கள்தொகையுள்ள நகரங்களுக்கு மத்திய அரசு 35 விழுக்காடு, மாநிலம் 15, நகராட்சி 50. சிறிய நகரங்களுக்கு 80, 10, 10. 2006-இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, நடைபாதைகளுக்கும் மிதிவண்டித் தடங்களுக்கும் இத்திட்டத்தில் முன்னுரிமை என்று எழுதிவைத்தது. தாளில் இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. நூறு ரூபாய் வேலைக்கு ஊர் பத்து ரூபாய் போட்டால் போதும். ஆனால் அப்பத்து ரூபாயைப் போடுவதற்கும், முதலில் திட்ட அறிக்கை எழுதுவதற்கும், எழுதியதைத் தொடர்ந்து சென்று கேட்பதற்கும் வலு வேண்டும். இருப்பவனுக்கே மேலும் கிடைக்கும் என்பது இணைப்பங்கு கேட்கும் எல்லாத் திட்டங்களின் இயல்பு. நடைபாதை கேட்பவன் குரலோ எங்கும் தாழ்ந்த குரல். மேம்பாலத்துக்கு அடிக்கல் நாட்டலாம், திறப்புவிழா நடத்தலாம். நடைபாதைக்கு நாடா வெட்டினால் சிரிப்பார்கள். 2017 ஜூனில் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தபோது பங்கீடு பாதிக்குப் பாதி ஆயிற்று. அத்திட்டம் 2025 மார்ச்சில் முடிந்தது.

இன்னொரு சிக்கலும் புதுவைக்கு உண்டு. மத்திய வரிகளை மாநிலங்களுக்குப் பிரித்துத்தரும் நிதி ஆணையத்தின் வரம்பு மாநிலங்களுக்கு உரியது. சட்டமன்றம் உடைய ஒன்றியப் பகுதியான புதுச்சேரி அதற்கு வெளியே நிற்கிறது. தன்னையும் சேர்க்கவேண்டும் என்று பலமுறை கேட்டிருக்கிறது. மாநிலங்களின் பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் அவ்வாணையத்தின் பரிந்துரையால் பெறும் மானியம் இங்கே அவ்வழியில் வராது. எல்லையைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்து ஊராட்சிக்கு உரிமையாக வருவது, எல்லைக்கு இப்புறம் வேண்டுகோளாக நிற்கிறது. 1871-இல் தென்னார்க்காட்டானும் புதுவையானும் வெவ்வேறு கணக்குப் புத்தகத்தில் இருந்தனர். இந்த ஒரு வகையில் இன்றும் அப்படியே.

வேறு நாடுகளில் இதை எவ்வாறு கையாண்டார்கள்? அமெரிக்காவின் ஒரிகான் மாநிலம் 1971-இல் ஒரு சட்டம் செய்தது. சாலைநிதியில் குறைந்தது நூற்றில் ஒரு பங்கை நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் செலவிட்டாக வேண்டும். அதே ஆண்டில் கலிபோர்னியா, விற்பனைவரியில் டாலருக்குக் கால் சென்ட் ஒதுக்கிப் போக்குவரத்து நிதி ஏற்படுத்தியபோது அதில் நூற்றுக்கு இரண்டைப் பாதசாரிகளுக்கும் மிதிவண்டிக்குமெனத் தனியே வைத்தது. சான்பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள ஒன்பது கவுண்டிகளுக்கும் சேர்த்து ஒரே வட்டார ஆணையம் இந்நிதியைப் பகிர்ந்தளிக்கிறது. தொகை சிறியதுதான். ஆயினும் ஒவ்வோராண்டும் கேட்காமல் வருவது. சின்ன ஊர் தன் பங்கை நம்பித் திட்டமிடலாம். நம் திட்டங்களில் இல்லாதது இந்த நம்பிக்கையே. இங்கே பணம் மழைபோல வருகிறது, பெய்தால் பெய்யும். ஏரி கட்டி வைத்துக்கொள்ளத் தெரிந்த நாட்டில் இப்படி நேர்ந்தது வியப்பு. சென்னை மாநகராட்சி 2014-இல் இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் அறுபது விழுக்காட்டுக்குக் குறையாமல் நடைக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவதாகச் சொன்னது. இந்தியாவில் அதுவே முதல் முயற்சி. 2019 நவம்பரில் தியாகராயர் சாலை நடைவளாகமாகத் திறக்கப்பட்டதை அம்முயற்சியின் தொடர்ச்சியாகக் கொள்ளலாம். (அப்பகுதிக்குப் பாண்டி பஜார் என்று பெயர், நம் பாண்டிச்சேரிக்கும் அதற்கும் தொடர்பில்லை, சௌந்தரபாண்டியனார் பெயரால் வந்தது.) ஆனால் சென்னைக்குச் செலவிடத் தன்னிடமே பணம் இருந்தது. அண்டை ஊரோடு பகிர்ந்துகொள்ளவேண்டிய தேவை அங்கே எழவில்லை.

மிதிவண்டி என்பது ஏழையின் வண்டி, காலம் முடிந்தது என்று கருதுவோருக்குப் புதுக்கோட்டையை நினைவூட்டுவோம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றனர். எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்தது அவ்வியக்கத்தின் நுண்ணறிவு. தமிழகத்தில் 2001-க்குப் பின் மேல்நிலைப் பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் வந்தது. வண்டிக்கு அரசு செலவிட்டது. அவ்வண்டி ஓடவேண்டிய வழிக்கு யார் செலவிடுவது என்பதை அத்திட்டமும் தொடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்குச் செல்லும் முறையைக் கேட்டார்கள். உழவுத்தொழில் அல்லாத பிற வேலைகளுக்குச் செல்வோருள் ஏறத்தாழ நாலரைக் கோடிப் பேர் நடந்தும், இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் சைக்கிளிலும் செல்வதாக விடை வந்தது. இத்தனை பேரும் யாருக்கும் கண்ணில் படாமல்தான் நடக்கிறார்கள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் அதற்கான விதிமுறைகளை வகுக்கவேண்டும் என்றது. உரிமை என்று ஆனபின் செலவு யாருடையது என்ற வினா முன்னிலும் கூர்மையாகிறது. கடலூர்ச் சாலையையே எடுத்துக்கொள்வோம். அது ஊர்த்தெருவும்தான், விழுப்புரத்தையும் நாகப்பட்டினத்தையும் இணைத்த பழைய 45ஏ நெடுஞ்சாலை மரபில் வந்த பெருவழியும்தான். சாலைக்கு ஒரு துறை, வடிகாலுக்கும் குப்பைக்கும் நகராட்சி, விளக்குக் கம்பத்துக்கு மின்துறை, கதவுக்கு ரயில்வே. நடைபாதை என்பது இவை நான்கும் விட்டுவைத்த மிச்சம். அந்த மிச்சத்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கும் சாலையோர வியாபாரியும் உட்கார்ந்திருக்கிறார். அவரை எழுப்பிவிட்டு நடைபாதை போடுவதை நாம் ஏற்கமாட்டோம். பூவும் பழமும் வாங்க நடந்து வருபவர்களை நம்பித்தான் அவர் இருக்கிறார். நடப்பவருக்கும் அவருக்கும் உள்ள உறவு நான்கு துறைகளுக்கும் இடையே உள்ள உறவைவிட நெருக்கமானது.

நகரத்தின் கிழக்கே நிலைமை வேறு. மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரைவரை அது நடப்பவருக்கே. அச்சாலையில் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த பழைய மேரிக் கட்டடத்தை உலக வங்கியின் உதவியில் முன்பிருந்த வடிவிலேயே திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். மேயர் இல்லாத மேரி. மஞ்சள் விளக்கொளியில் அழகாகவே இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயலில் சிதைந்த ஏ.எஃப்.டி. ஆலை மறுபடி எழவில்லை. 2020 ஏப்ரலில் அதை முறைப்படி மூடினார்கள். அவ்வாலைக்குப் போன வழியில் இப்போது சங்கொலி இல்லை. மாலை ஆறு மணிக்கு அங்கே வாகனம் எதுவும் நிற்பதில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் சைக்கிளை உருட்டியபடி, மதிலோரமாகவே, ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள்.